அடிமரத்தில் ஐந்து சுற்று

காயில்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தண்ணீர் மோட்டாரோ லிப்ட் மோட்டாரோ, எது எரிந்துபோனாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். கருகிப்போன கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக அடுக்கி, வார்னிஷ் ஊற்றி, சூட்டில் காயவைத்துக் கொடுப்பார். ஆள் பேச்சில் கஞ்சன். கேட்டதற்குப் பதில் வரும். கேட்காததற்கு மூச்சு வராது.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு பைத்தியம் இருக்கும் என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டறையின் மொட்டைமாடியில், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டியில், ஒரு தேவதாரு மரம் வைத்திருந்தார். முழங்கை உயரம்தான். ஆனால் செடி இல்லை, மரம். பட்டை வெடித்து, கிளைகள் தாழ்ந்து, நின்று நின்று களைத்துப்போன பெரிய மரத்தை யாரோ தூரத்தில் இருந்து காட்டுவது மாதிரி இருக்கும். போன்சாய் என்று பேர். வெயிலும் காற்றும் படாவிட்டால் அதற்கு ஆகாது. வீட்டுக்குள் கொண்டுபோய் அலமாரியில் வைத்தால் செத்துவிடும். காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் தண்ணீர் இல்லை, காய்ந்திருந்தால் உண்டு. வசந்தத்தில் புதுக் குருத்து வரும்போது நகத்தால் கிள்ளுவார். கத்தரிக்கோல் போட்டால் ஊசி இலையின் நுனி வெந்த மாதிரி பழுத்துப்போகும். இதெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது இல்லை. நாலைந்து மரத்தைச் சாகடித்துக் கற்றுக்கொண்டது.

ஆரம்பித்து வைத்தது ஒரு நர்சரிக்காரர். மோட்டார் சரிபண்ண வந்தவர், ஒரே டப்பாவில் முளைத்த இரண்டு தேவதாருக் கன்றுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது ஒன்று சொன்னார். "அடிப்பக்கம் அகலமா, வேர் எல்லாம் நல்லா விரிஞ்சு வரணும்னா, வேருக்கு மேல கம்பியால ஒரு சுத்து இறுக்கிக் கட்டுங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறக்காம எடுத்துடுங்க." காயில்காரருக்கு ஒரு சுற்று சுற்றிப் பழக்கம் இல்லை. காயில் கட்டுவதுபோலவே கட்டினார். எனாமல் பூசிய தடித்த செம்புக் கம்பி, ஐந்து சுற்று, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஊசி நுழைய இடம் இல்லாமல். கை பழக்கத்தில் இரண்டு முனையையும் விரல் நீளத்துக்கு வெளியே விட்டார், ஒன்று மேலே, ஒன்று கீழே. எந்தக் காயிலுக்கும் கரண்டு போய்வர இரண்டு முனை, லீட், வேண்டும் அல்லவா. அதன்மேல் மண்ணை மூடினார். கிளைகளுக்கும் வளைப்பதற்காக மெல்லிய கம்பி சுற்றியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கச்சி புது வீட்டுக்குக் குடிபோனாள். ஒருநாள் மாடிக்கு வந்து இரண்டு கன்றையும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுண்ணே."

"தொட்டியில வைப்பியா?"

"தொட்டியில எதுக்கு? பின்னாடி இடம் கிடக்கு. தரையில வச்சு வளர விடுறேன். உன்கிட்ட இருந்தா ரெண்டும் குள்ளமாவே சாகும்."

கொடுத்தார். அவள் புருஷன், பஸ் டிரைவர், சிரித்த முகம், சைக்கிள் கேரியரில் வைத்து எடுத்துக்கொண்டுபோய், பின்பக்க அறையின் சுவரை ஒட்டிக் குழிதோண்டி நட்டார். சில மாதம் கழித்து காயில்காரர் கேட்டார். "மாப்பிள்ளை, கம்பியை எடுத்தாச்சா?" "எப்பவோ எடுத்தாச்சு மச்சான்!" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாடியில் இருந்தது தட்டில் அடங்கியது. தரைக்குப் போனது மளமளவென்று ஏறி, ஓட்டைத் தாண்டி, மாடியைத் தாண்டி, தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிற மரமாகிவிட்டது. இதற்கு நடுவில் தங்கச்சிக்கு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போனாள். எப்போதும் ராத்திரி டியூட்டி. பகலில் தூங்க வேண்டும். மரத்தடியில் இருக்கிற பின்பக்க அறைதான் அவளுக்குத் தோது. நடுப்பகலில்கூடக் கருக்கலாக இருக்கும். அவள் அப்பா அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்.

காயில்காரருக்கு ஒரே மகன். பட்டறையில் கூடவே இருந்தான். கப்பல் என்ஜின் வேலைக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னான். "இங்க என்ன குறைச்சல்? ஒழுங்கா உக்காந்து கம்பி சுத்து" என்றார் இவர். அடுத்த தடவை கேட்டான், அதே பதில். அதற்கு அடுத்த தடவை அவன் கேட்கவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டும் போன் பண்ணுவான். அந்த விஷயத்தை வீட்டில் யாரும் எடுப்பது இல்லை.

இதுதான் ஆளுடைய கதை. இத்தனை வருஷமும் இதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வருஷம் குளிர் விடுகிற நேரத்தில் அவர் தேவதாருவுக்குத் தொட்டி மாற்றினார். சில வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை. தட்டின் அடியில் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு மரத்தைக் கட்டியிருப்பார், காற்றில் கவிழாமல் இருக்க. அதை வெட்டி, மரத்தைத் தூக்கி, குச்சியால் வேரைக் கோதி, பழைய மண்ணை உதிர்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கழுவினபோது அந்தத் தழும்பு கண்ணில் பட்டது. எப்போதும் மண்ணுக்குள் இருக்கிற இடம், முன்பு பார்த்தபோதெல்லாம் மனசில் உறைத்தது இல்லை. அந்த ஐந்து சுற்றைத் தாமதமாகத்தான் எடுத்திருந்தார். கம்பி போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் பள்ளம் போகவில்லை. பள்ளத்துக்கு மேலே மரம் பருத்திருந்தது. பள்ளத்தில் மட்டும் கழுத்து மாதிரி ஒடுங்கியிருந்தது.

கட்டைவிரலால் அந்தக் கழுத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை எடுத்தேன் என்று சொன்னது எந்தக் கம்பியை?

வேரைக் காயவிடக் கூடாது என்பதற்காக அவசர அவசரமாக மரத்தைத் தட்டில் வைத்துக் கட்டி, மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், பட்டறைச் சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்னங்க, டீ ஆறுது" என்றாள் மனைவி.

"ஆறட்டும்."

தங்கச்சி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சட்டைகள் மலை மாதிரி கிடந்தன. அவள் மிஷினை நிறுத்தாமலே, "வாண்ணே. ஆந்தை தூங்குது, மெதுவாப் பேசு" என்றாள். இவர் நேராகப் பின்பக்கம் போனார். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு லீவு. வாயில் பல்குச்சியோடு பின்னாலேயே வந்தார்.

"மாப்பிள்ளை, அன்னைக்குக் கம்பி எடுத்தேன்னு சொன்னீங்களே. எங்க இருந்த கம்பி?"

"எந்தக் காலத்துக் கதை மச்சான் இது! கிளையில எல்லாம் சுத்தி வச்சிருந்தீங்களே, அதுதான். ஒண்ணு விடாம எடுத்தேன்."

"அடியில?"

"அடியிலயா? அடியில என்ன இருந்துச்சு?"

காயில்காரர் மண்டிபோட்டு உட்கார்ந்தார். மரம் தரையில் இறங்குகிற இடத்தில், யானைக் கால் மாதிரி வீங்கித் தொங்கியது. பட்டை ஓரத்தில் வெள்ளையாகப் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. இரும்புக் குச்சியால் மண்ணைக் கிளறினார். வீக்கத்துக்குக் கீழே கையை விட்டால் கை உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய மரம் அதற்குக் கீழே ஒடுங்கி நின்றது, கவிழ்த்து வைத்த பாட்டில் மாதிரி. விரலில் ஒரு முனை தட்டியது. பச்சை பூத்த செம்பு. கீழே இன்னும் தோண்டினார். மறுமுனையும் கிடைத்தது.

பையில் இருந்து டெஸ்ட் பல்பை எடுத்தார். ஒரு பேட்டரி, ஒரு சின்னப் பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். காயில் உள்ளே அறுந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிற சாமான். இரண்டு முனையையும் பிளேடால் சுரண்டினார். செம்பு பளபளத்தது. ஒயரை வைத்தார்.

பல்பு எரிந்தது.

அந்த மரத்துக்குள்ளே, அதன் கழுத்துக்குள்ளே, அவர் கையால் கட்டிய ஐந்து சுற்றும் அப்படியே முழுசாக இருந்தன. மரம் அதைத் தின்று மூடியிருந்ததே ஒழிய அறுக்க முடியவில்லை.

"மச்சான், மரத்துல லைட்டு எரியுது!" என்று மாப்பிள்ளை கைதட்டாத குறை. "ஏய், இங்க வா, உங்க அண்ணன் மரத்துல இருந்து கரண்டு எடுக்கிறாரு!"

தங்கச்சி கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். காயில்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுச் சொன்னார். "இந்த மரத்தை எடுத்துரணும்."

"எதை?"

"கழுத்துல கம்பி இறுக்கியிருக்கு. மேல இருக்கிற பாரத்துக்குக் கீழ தாங்குற சக்தி இல்ல. கம்பி அறுந்திருந்தா மரம் எப்பவோ தப்பிச்சிருக்கும். அறல. பெரிய காத்து அடிச்சா முறிஞ்சிரும். முறிஞ்சா இந்தப் பக்கம்தான் விழும்." பின்பக்க அறையின் ஜன்னலைக் காட்டினார். திரைக்குப் பின்னால் தங்கச்சி மகள், அவருக்கு மருமகள், தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். "பச்சைப் பசேல்னு இருக்கு. இதுவா விழப்போகுது?"

"பச்சையா இருக்கிறது கணக்கு இல்லம்மா. தேவதாருவுக்கு உயிர் போனாக்கூட இலைக்குத் தெரிய நாளாகும்."

"இத்தனை காத்துல விழாத மரம் இப்ப விழுமா? உன் மாடியில இருக்கிறது விழாது. அதைத்தான் தட்டோட கட்டிப்போட்டு வச்சிருக்கியே."

"நான் சொல்றதைக் கேளு."

"நீ சொல்றதைக் கேட்டா இந்த வீட்டுல ஒரு புல்லுகூட முளைக்காது. எது வளர்ந்தாலும் உனக்குக் கை அரிக்கும். இது என் மக தூங்குறதுக்கு நிழல் குடுக்குது. இந்த நிழல் இல்லாம அந்த ரூம்ல அவ எப்படிப் பகல்ல கண்ணை மூடுவா?"

"அவளை முன்னறையில படுக்க வை. கொஞ்ச நாளைக்கு."

"முன்னறையிலயா? மிஷின் சத்தம், பஸ் சத்தம். போன மாசம் தூக்கம் இல்லாம டியூட்டிக்குப் போயி ஊசி மாத்திப் போடப் பார்த்தா. பக்கத்துல இருந்த பொண்ணு கையைப் பிடிச்சுத் தடுத்துச்சு. அது தெரியுமா உனக்கு?"

அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டுவந்தார். அவன் கோடரியின் பின்பக்கத்தால் மரத்தை நாலு தட்டுத் தட்டினான். "கல்லு மாதிரி இருக்குங்க. இதை வெட்டுனா பாவம் பிடிக்கும்" என்று சிரித்தான். அப்புறம் தங்கச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஆளை அழைத்து வந்ததே தப்பாகிப்போனது. அவள் பக்கம் ஒரு சாட்சி சேர்ந்ததுதான் மிச்சம்.

காயில்காரர் விடவில்லை. அதற்கும் மறுநாள் பட்டறையில் இருந்து இன்சுலேஷன் பேப்பர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காயில்களுக்கு நடுவில் வைக்கிற தடித்த பேப்பர். முன்னறை ஜன்னலில் அளந்து வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். ஒட்டினால் இருட்டாகும், மருமகள் இங்கே தூங்கலாம் என்று கணக்கு. பாதி ஜன்னல் மூடியபோது தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை.

"நான் எப்படித் தைக்கிறது? இருட்டுல ஊசியில நூல் கோக்கிறதா?"

"கொஞ்ச நாளைக்குத்தானே."

"எல்லாம் உனக்குக் கொஞ்ச நாளைக்குத்தான்! கம்பியையும் கொஞ்ச நாளைக்குத்தான் கட்டின." அவள் குரல் ஏறிவிட்டது. "உன் மகனையும் இப்படித்தான் கட்டி வச்ச. அவன் அறுத்துக்கிட்டு ஓடிட்டான். மரத்துக்குக் காலு இல்ல, அதனால நிக்குது."

மாப்பிள்ளை, "ஏய், சும்மா இரு" என்று அதட்டினார். ஒட்டிய பேப்பரைக் காயில்காரரே கிழித்து, சுருட்டி, எடுத்துக்கொண்டு போனார்.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். இவர் மறுநாள் காலையிலும் போனார். யாரோடும் பேசாமல் பின்பக்கம் போய், மண்டிபோட்டு, பல்பை வைத்துப் பார்ப்பார். எரியும். எழுந்து வந்துவிடுவார். தினமும் இதே கதை. மாப்பிள்ளைக்கு இது வேடிக்கையாகிப்போனது.

"டாக்டர் வந்தாச்சு. நாடி எப்படி மச்சான்?"

"எரியுது."

"அப்ப உசுரோட இருக்குன்னு சொல்லுங்க!"

டியூட்டி முடிந்து வருகிற மருமகள் சில நாள் அவரோடு நிற்பாள். கண்ணெல்லாம் சிவந்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவாள். "மாமா, எங்க வார்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தாரு. நல்லாத்தான் பேசினாரு, சிரிச்சாரு. டெஸ்ட் மட்டும் சரியில்லாம இருந்துச்சு" என்றாள் ஒருநாள்.

"அப்புறம்?"

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஜன்னல் திரை மூடிக்கொண்டது.

காற்றுக் காலம் வந்தது. தகரங்கள் இரவெல்லாம் அடித்துக்கொண்டன. காயில்காரர் மாடியில் தன் சின்ன மரத்தைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தார். அங்கே நின்றால் தூரத்தில் தங்கச்சி வீட்டு மரத்தின் தலை தெரியும். மற்ற மரம் எல்லாம் நுனியில் ஆடும், அடி அசையாது. இது அப்படி ஆடவில்லை. முழு மரமும் ஒரே கம்பாக, மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் நின்று யோசித்துத் திரும்பியது. மனைவி துணி எடுக்க வந்தவள், "அதையே என்ன பார்க்குறீங்க?" என்றாள். "ஆட்டம் சரியில்ல" என்றார்.

மறுநாள் காலையிலும் காற்று நிற்கவில்லை. போய் மண்டிபோட்டார். பல்பை வைத்தார். எரியவில்லை.

முனையைத் திரும்பச் சுரண்டி வைத்தார். எரியவில்லை. பல்பு போய்விட்டதோ என்று இரண்டு ஒயரையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. மரத்தில் வைத்தார். இல்லை.

"என்னண்ணே?" ஜன்னலில் இருந்து தங்கச்சி.

"கம்பி அறுந்திருச்சு."

அவள் ஓடிவந்தாள். முகமெல்லாம் பல். "பார்த்தியா! நீதானே சொன்ன, கம்பி அறுந்தா மரம் தப்பிச்சிரும்னு? மரமே அறுத்துக்கிச்சு!" இத்தனை நாள் கோபமும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது அவளுக்கு. அண்ணன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "உள்ள வா. டீ போடுறேன். அன்னைக்கு என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காத."

மாப்பிள்ளையும் வாசலில் நின்று, "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்க மச்சான்" என்றார். காயில்காரருக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. தன் வாயால் சொன்ன வார்த்தைதானே. டெஸ்ட் பல்பைச் சுருட்டிப் பையில் போட்டார். முன்னறைக்கு வந்து டீயைக் கையில் வாங்கினார். டம்ளரைத் தூக்கியபோது மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

தன் விரல்தான். விரலெல்லாம் பிசுபிசுப்பு. காய்ந்த பிசின் இல்லை, புதுப் பிசின், தண்ணீர் மாதிரி. தொட்டி மாற்றும்போது வேரை வெட்டினால் வருமே, அந்த வாசனை. இப்போதுதான் எங்கேயோ உள்ளே பிளந்திருக்க வேண்டும்.

அவர் கட்டிய கம்பி தடித்த கம்பி. இழுத்தால் நீளுமே தவிர லேசில் அறாது. அத்தனை வருஷம் மரம் பருத்து அறுக்காத கம்பியை ஒரே ராத்திரியில் எது அறுக்கும்? மரம் அறுக்கவில்லை. கழுத்து நகர்ந்திருக்கிறது. கழுத்தோடு சேர்ந்து கம்பி இழுபட்டு அறுந்திருக்கிறது.

டம்ளரை மிஷின் மேலேயே வைத்தார். பின்பக்க அறைக்கு ஓடினார். உள்ளே இருட்டு. மருமகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, முகம்வரை போர்த்தி, அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள்.

"எழுந்திரும்மா. எழுந்திரு!"

அவள் புரண்டு படுத்தாள். அவர் போர்வையோடு சேர்த்து அவளை அள்ளினார். மோட்டார்களைத் தூக்கித் தூக்கிப் பழகிய உடம்பு. ஆனாலும் முதுகு சுளீர் என்றது. அவள் பதறிக்கொண்டு கையைக் காலை உதறினாள். "அம்மா! அம்மா!"

"அண்ணே, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? விடு அவளை!" தங்கச்சி அளவு நாடாவாலேயே அவர் முதுகில் சுளீர் சுளீர் என்று விளாசினாள். மாப்பிள்ளை குறுக்கே வந்தார். இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார் காயில்காரர். முன்னறை, வாசல், படி, தெரு. பின்னாலேயே இருவரும் கத்திக்கொண்டு வந்தார்கள். அதுதான் அவருக்கு வேண்டியது. தெருமுனை பஸ் ஸ்டாப்புவரை நிற்கவில்லை. அங்கே சிமெண்டுப் பெஞ்சில் மருமகளை இறக்கினார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. மருமகள் போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு மூச்சு வாங்கியது. விரலை அவள் மூக்குக்குக் கிட்டே நீட்டினார், என்னவோ அதுதான் பதில் என்பது மாதிரி.

காற்று அடித்தது. மரம் சாய்ந்தது, நின்றது, திரும்பியது. கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையைப் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான், டியூட்டிக்கு நேரம் ஆகுது" என்றார்.

அப்புறம் காற்று நின்றுபோனது. தகரச் சத்தம் அடங்கி, தெரு அமைதியாகிவிட்டது. மரம் நேராக, ஆடாமல், அழகாக நின்றது.

"போதும்ணே. முடிஞ்சுதா? காத்தும் நின்னுபோச்சு." தங்கச்சிக்குக் கோபம் போய் அலுப்பு வந்துவிட்டது. "அவ தலையணையையும் சீருடையையும் எடுத்துட்டு வர்றேன். இன்னைக்கு உன் பட்டறையிலயே படுக்கட்டும், உன் மனசும் ஆறட்டும்." திரும்பி நடந்தாள்.

காயில்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சின்ன வயசில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பாரே, அந்தப் பிடி.

"விடுண்ணே."

"கொஞ்சம் இரு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. இரு."

அவள் கையை முறுக்கினாள். விடவில்லை. வலிக்கிறது என்றாள். அப்போதும் விடவில்லை.

முதலில் கேட்டது ஒரு முனகல். இறுகிப்போன மோட்டாருக்குக் கரண்டு கொடுத்தால் சுற்ற முடியாமல் உள்ளுக்குள்ளேயே உறுமும். எரிவதற்கு முன்னால் வருகிற அந்தச் சத்தத்தை அவர் வாழ்க்கை முழுக்கக் கேட்டிருக்கிறார். அது தரைக்குள் இருந்து வந்தது. மரத்தின் தலை மெதுவாக வீட்டுப் பக்கம் குனிந்தது. இந்தத் தடவை நின்று யோசிக்கவில்லை, திரும்பவும் இல்லை. பின்பக்க அறையின் மேல் அப்படியே படுத்தது. ஓடு, சுவர், ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம். புழுதி தெருவரைக்கும் வந்தது. புழுதியோடு அந்த வாசனையும் வந்தது.

அண்ணன் கைக்குள் இருந்த தங்கச்சியின் கை ஜில்லென்று ஆகிவிட்டது. மருமகள் எழுந்துவந்து இரண்டு பேர் நடுவிலும் நுழைந்து நின்றுகொண்டாள். பச்சை இலை வெயிலில் மின்னியது. அப்போதும் அது நல்ல மரம் மாதிரிதான் இருந்தது.

பிற்பகலில் ஆட்கள் வந்து கிளைகளை அறுத்து வழிபண்ணிய பிறகு, காயில்காரரும் மாப்பிள்ளையும் அடிமரத்தைப் போய்ப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய மரம் முறிந்த இடம் மனிதனுடைய தொடை கனம்தான் இருந்தது. நடுவில் ஐந்து சுற்று. நாலு அப்படியே இருந்தன, வைத்தது வைத்தபடி, ஒட்டி ஒட்டி. ஒன்று மட்டும் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அறுந்த முனை புதுசு போலப் பளபளத்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக ஜோக் எதுவும் அடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் கேட்டிருக்கணும் மச்சான். அடியில ஏதும் இருக்கான்னு."

"கட்டினது நானு" என்றார் காயில்காரர்.

சாயங்காலம் மூன்று பேரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். மருமகள், வார்னிஷ் டின்களுக்கு நடுவில் விரித்த பாயில், இன்சுலேஷன் பேப்பர் ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே தூங்கினாள். ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. தங்கச்சி மாடி ஏறி வந்தாள். அண்ணன் சின்ன மரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் அவருடைய விரல் தடம் கன்றியிருந்தது.

"இதுல கம்பி இருக்கா?"

"இல்ல. எடுத்துட்டேன். தழும்பு இருக்கு."

"தாங்குமா?"

"தட்டோட கட்டியிருக்கிற வரைக்கும் தாங்கும்."

அவள் ரொம்ப நேரம் மரத்தையே பார்த்தாள். அப்புறம் தன் போனை எடுத்து, நம்பரைத் தேடி, அழுத்தி, அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டாள். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.

போனில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கட்டைவிரல் தன்னால் மண்ணை விலக்கி அந்தப் பள்ளத்தைத் தேடியது.

"அத்தை, சொல்லுங்க" என்று குரல் வந்தது. பின்னால் என்ஜின் இரைச்சல்.

"நான்தாண்டா."

அந்தப் பக்கம் என்ஜின் மட்டும் ஓடியது. நல்ல மோட்டார், பேரிங் தேய்ந்த சத்தம் இல்லை என்று காது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"என்னப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. மரம் விழுந்திருச்சு."

"எந்த மரம்?"

"பெருசு" என்றார். போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் இன்னும் லைனில் இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.